கடைமடைக் கரண்ட்

எங்கள் வீட்டில் உருப்படியான ப்ளக் பாயிண்ட் ஒன்றுதான். அது சாமி அலமாரிக்குக் கீழே இருக்கிறது. கார்த்திகைக்குச் சீரியல் லைட் போடுவதற்காக எப்போதோ வைத்தது. அதனால் என் வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தபோது அதை அங்கேதான் வைக்க வேண்டியதாயிற்று. மெஷினிலிருந்து மூக்குக்கு வருகிற குழாய் எட்டவில்லை என்று கட்டிலையும் இழுத்து, முருகன் படத்துக்கு நேர் கீழே போட்டோம்.

"நான் போய்ச் சேர்ற வரைக்கும் பொறுக்கல இவளுக்கு. இப்பவே சாமி பக்கத்துல கொண்டாந்து போட்டுட்டா," என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமினால் நான் திட்டுவேன். திட்டினால் மறுபடியும் சிரிப்பார்.

அவர் கல்குவாரியில் ஜல்லி உடைக்கிற மெஷின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். அந்தத் தூசி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில், நாளில் பாதிக்கு மேல் இந்தக் குழாய் மூக்கில் இருக்க வேண்டும், இருந்தால் வீட்டிலேயே நன்றாக இருப்பார் என்றார்கள். வீட்டிலேயே என்று அவர்கள் சொன்னது எனக்குப் பெரிய வார்த்தையாக இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே முருகனுக்குக் கும்பிடு போட்டேன். கரண்டைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் வந்து, பாதியில் இறங்கி நடக்கிற ஊர். டிரான்ஸ்பார்மர் ஏரிக்கரை ஓரம் இருக்கிறது. அங்கிருந்து கம்பி கழனி நடுவே வருகிறது. வழியில் மோட்டார் கொட்டாய்கள். பிறகு எங்கள் தெரு. தெருக்கோடியில் எங்கள் வீடு. எங்களுக்கும் அப்பால், கால்வாய் ஓரமாக, பால் ஊற்றுகிறவள் வீடு. அவள் வீட்டுக் கம்பத்தோடு லைன் முடிகிறது. அதற்குமேல் கருவேல முள்ளுதான்.

காலையில் கழனிக்காரர்கள் மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு பல்பு பரங்கிப்பழ நிறத்துக்கு வரும். ஃபேன் சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அதெல்லாம் பழகிப்போன விஷயம். ஆனால் இந்த மெஷின் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. வோல்டேஜ் இறங்கினால் கீ என்று கத்தும், சிவப்பு விளக்கு எரியும், காற்று நின்றுபோகும். பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தோம். அதைத் திறந்துவிட்டு, வோல்டேஜ் ஏறுகிற வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சஷ்டிக் கவசம் சொல்ல ஆரம்பிப்பேன். பாதியில் மறந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்து வருவேன்.

உத்திரமேரூர் கடையில் கேட்டு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வந்தோம். சந்தனம் குங்குமம் வைத்துத்தான் ப்ளக்கைச் சொருகினேன். டக், டக் என்று இரண்டு முறை தட்டிவிட்டு முள் மேலே ஏறி நின்றது. மெஷின் கத்தவில்லை. அன்றைக்கு அவர் மத்தியானம் வரை தூங்கினார்.

அதைப் பார்த்துவிட்டு, அவருடைய சித்தப்பா மகன், எனக்கு மச்சினன், தன் ஃப்ரிட்ஜுக்கு ஒன்று வாங்கினார். அப்புறம் எதிர் வீட்டில் டிவிக்கு வாங்கினார்கள். அப்படியே தெரு முழுக்க வந்துவிட்டது. காலையில் மோட்டார் போடுகிற நேரத்துக்குத் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு டக் டக் என்று கேட்கும். அதற்கப்புறம் எங்கள் ஸ்டெபிலைசரும் தோற்றுப்போனது. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தானே அணைந்துகொண்டது. மெஷின் மறுபடியும் கத்த ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் கரண்ட் ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். என் மகள் இருந்திருந்தால் அந்த வயசு இருக்கும். ஸ்கூட்டியில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, எங்கே வைப்பது என்று திண்டாடி, என் துளசி மாடத்து ஓரம் வைத்தாள். பின்னால் எங்கள் ஊர் லைன்மேன் நின்றார். லைனின் கடைசி வீடுகளில் வோல்டேஜ் அளக்க வேண்டும் என்றார்கள். உள்ளே வந்தவள் கட்டிலையும் குழாயையும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் மீட்டரை எடுக்கவே இல்லை.

"எவ்ளோ நேரம் நிக்குதுங்க அய்யா மெஷின்?" என்று அவரிடம் கேட்டாள்.

"அது நிக்கற நேரத்தக் கேக்காத கண்ணு. ஓடுற நேரத்தக் கேளு, சீக்கிரம் சொல்லிடலாம்," என்றார் அவர்.

வாசலில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னென்னவோ தட்டினாள். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். இந்த ஸ்டெபிலைசர் கரண்டை உண்டாக்குவதில்லையாம். கம்பியில் வருவதைக் கூடுதலாக இழுத்துத்தான் வோல்டேஜை ஏற்றிக் காட்டுகிறதாம். தெருவே இழுத்தால் தெருவுக்கே இறங்கும் என்றாள்.

உள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார். "அப்போ பக்கத்து வூட்டு மூச்சத்தான் இவ்ளோ நாளா நான் இழுத்துக்கினு கீறேனா?"

"அவங்களும் உங்களுதை இழுத்துட்டுத்தான் இருக்காங்க அய்யா."

"கொழாய் ரொம்ப நீட்டா இருந்தா காத்து கொறையும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. லைனும் அப்டித்தான?"

"அதேதான்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

தெரு ஆரம்பிக்கிற இடத்தில், கம்பத்தின் மேலேயே, ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய ரெகுலேட்டர் வைக்க ஆபீசில் எழுதியிருக்கிறார்கள் என்றாள். வீட்டு ஸ்டெபிலைசர் மாதிரிதான், ஆனால் பீரோ கணக்கில் இருக்கும். அது வந்தால் மெஷின் கத்தாது. எனக்கு அவள் வாயில் சர்க்கரை போடலாம் போல இருந்தது.

"ஆனா ஒன்னு இருக்கும்மா," என்றாள். "அதை வைக்கறதுக்கு முன்னாடி ஷார்ட் சர்க்யூட் கணக்கு பாக்கணும். கம்பியும் கம்பியும் தொட்டுக்கிட்டா எவ்ளோ கரண்ட் பாயும், அதுல ஃப்யூஸ் போகுமா போகாதான்னு. உங்க ஊர்ல போகாது."

ஏன் போகாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் டிரான்ஸ்பார்மர் ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தது. லைன்மேனுக்கு நாலு ஊர். அவர் வருகிற வரைக்கும் பொறுக்காமல் எங்கள் ஆட்களே கம்பியை முறுக்கி, சுண்டு விரல் கனத்துக்கு ஃப்யூஸில் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் ஃப்யூஸ் போகவே இல்லை. போன மழைக்குக் கால்வாய் ஓரம் மேல்கம்பி அறுந்து, கீழ்க்கம்பி மேல் பட்டு, தரையில் கிடந்து பொரிந்துகொண்டிருந்தது. அப்போதும் போகவில்லை. பால்காரி மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். மாடு முன்னால் போனது. அவள் பின்னால் வந்ததால் பிழைத்தாள்.

"இங்க கடைசிக் கம்பத்துல கம்பி தொட்டுக்கிட்டா பாயுற கரண்டே கம்மிம்மா. அவ்ளோ தூரம் வந்து களைச்சுப் போயிருக்கும். அந்தக் கனமான கம்பிக்கு அது தெரியாது. மோட்டார் ஓடுதுன்னு நெனச்சிக்கும்," என்றாள் இன்ஜினியர் பெண். "ரெகுலேட்டரும் அந்த நேரத்துல ஒன்னும் பண்ணாது. அது நிதானமா படிப்படியாத்தான் ஏத்தும் இறக்கும். கம்பி தொடறது கண் சிமிட்டுற நேரம். எந்தப் படியில நிக்குதோ அந்தப் படியிலயே நின்னுட்டு இருக்கும். ஃப்யூஸ் போகலன்னா அதுவும் எரிஞ்சு போகும். அதனால மொதல்ல சரியான ஃப்யூஸ் கம்பி கட்டிட்டுத்தான் ரெகுலேட்டர்."

எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலேயே நிற்கும் என்று அவள் சொன்னது என் மனசில் தங்கிவிட்டது. இவர் குவாரியிலிருந்து வந்து இருமித் துணியில் ரத்தம் பார்த்த அன்றைக்கு, நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றேன். வெகுநேரம் கரண்டியோடுதான் நின்றேன்.

ஆனால் சரியான ஃப்யூஸ் கட்டினால் காலையில் மோட்டார் போட்டதும் அது போய்விடும். போனால் லைன்மேன் வருகிற வரைக்கும் ஊருக்கே கரண்ட் இல்லை. சிலிண்டர் எத்தனை நேரம் தாங்கும். இதைக் கணக்குப் போட லேப்டாப் வேண்டியதில்லை. அந்தப் பெண் ஹெல்மெட் எடுக்கப் போனபோது லைன்மேனை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"எண்ணா, அந்த ரெகுலேட்டரு வர்ற வரைக்கும் கம்பிய மாத்தாத இருங்கண்ணா. யாருக்குத் தெரியப் போவுது."

"மேடம் கைல கணக்கு கீதேம்மா. நான் இன்னா பண்றது?"

கட்டிலிலிருந்து இவர் கூப்பிட்டார். காது மட்டும் அவருக்கு நன்றாக இருக்கிறது. பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னாமே பேசிக்கினு கீற அவருகிட்ட?"

"ஒன்னும் இல்ல."

"நான் படுத்துக்கினு மூச்சு வுடறேன். பால்காரி நடந்துக்கினு வுடறா. ரெண்டும் மூச்சுதான? கம்பிய மாத்தச் சொல்லு."

நான் முருகன் படத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "அவர இன்னாத்துக்குப் பாக்கற? அவரும் அதான் சொல்லுவாரு," என்றார்.

கம்பி மாற்றுவது பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயிலில் எல்லோரும் கூடினார்கள். ஏரி மதகு திறக்கிற பேச்சும் அங்கேதான் நடக்கும். பெண்கள் பின்னால் நிற்பது வழக்கம். பால்காரி சர்ச்சில் பிரேயர் முடித்து நேராக வந்து என் பக்கத்தில் நின்றாள். கழனிக்காரர்களுக்குப் புது ஃப்யூஸ் பிடிக்கவில்லை. மச்சினன்தான் ஜாஸ்தி பேசினார்.

"ஒரு ஃப்யூஸ் போனா ஒரு நாள் போச்சு. நெல்லு பூக்கற நேரம். நெல்லுக்கு யார் பதில் சொல்றது? கம்பி அறுந்தது ஒரு தடவ. ஃப்யூஸ் போறது தெனமும்."

அதுவரை அந்த இடத்தில் நான் வாய் திறந்ததில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவள், என்ன பேசிவிடப் போகிறேன். ஆனால் பால்காரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் மாடு செத்ததற்கே யாரிடமும் ஒன்றும் கேட்காதவள்.

"ஏரியில தண்ணி கொறஞ்சா கடைமடைக்குத்தான மொதல்ல வுடறீங்க?" என்றேன்.

எங்கள் ஊரில் அது ஒரு முறை. ஏரி நிரம்பிய வருஷம் மேல்கழனி முதலில் பாய்ச்சும். தண்ணீர் குறைந்த வருஷம், கடைசியில் இருக்கிற கழனிக்குத்தான் முதல் தண்ணீர். மேலே இருப்பவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்பதால். யார் முறையோ அவர் வாய்க்கால் தலைப்பில் ஒரு வேப்பங்கொத்தைச் சொருகி வைப்பார்கள். கொத்து நிற்கிற வரைக்கும் வேறு யாரும் மண்வெட்டி போடக் கூடாது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "தண்ணிக்குப் பண்றத கரண்டுக்கும் பண்ணக் கூடாதா? கொறஞ்சிதான கீது அதுவும். மொறை வெச்சி மோட்டார் போட்டா ஃப்யூஸும் போவாது. நாங்களும் கடைமடைதான்."

ஏரித் தண்ணீர் திருப்பி விடுகிற பெரியவர், "நாயமாத்தான் கேக்குது," என்றார். மச்சினன் தலையைச் சொறிந்தார்.

"சரி அண்ணி. ஆனா இனிமே எங்கண்ணன் பெருமூச்சு வுட்டா எங்க மோட்டாரு நிக்கணும்னு ஆயிடுச்சி."

"உங்க மோட்டாரு ஓடுறதாலதான் உங்கண்ணன் பெருமூச்சு வுடறாரு," என்றாள் பால்காரி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் சட்டென்று என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

சுண்டு விரல் கனத்துக் கம்பியை லைன்மேன் அறுத்து எறிந்தார். முறை வைத்தார்கள். யார் முறையோ அவர் மோட்டார் கொட்டாய்க் கதவில் வேப்பங்கொத்து. ஆரம்பத்தில் ஒரு காலை மெஷின் கத்தியது. ஃபேன் நின்றது. ஃப்யூஸ் போய்விட்டது. சிலிண்டரைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். கவசம் பாதிகூட வரவில்லை, அதற்குள் மச்சினன் சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"கொத்து பக்கத்துக் கொட்டாயில கீறது தெரிஞ்சும் போட்டுட்டேன் அண்ணி. லைன்மேனுக்குப் போன் பண்ணிட்டேன். வந்துக்கினு கீறாரு."

இவர் கையை நீட்டி அவரை உள்ளே கூப்பிட்டார். "உன் நெல்லுக்கும் தண்ணி இல்ல. எனக்கும் காத்து இல்ல. சரியாப் போச்சி. வா, காப்பி குடி."

மச்சினன் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, கரண்ட் வருகிற வரைக்கும் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் முறை தவறவில்லை.

ரெகுலேட்டரும் வந்தது. தெரு முனையில் இரண்டு கம்பத்துக்கு நடுவே மேடை போட்டு வைத்தார்கள். பொட்டு வைக்கலாமா என்று இன்ஜினியர் பெண்ணைக் கேட்டேன். "கம்பத்துக்கு வைங்கம்மா. பொட்டிக்கு வேணாம்," என்றாள். கம்பத்துக்கு மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்தோம். பால்காரி தள்ளி நின்று கண்ணை மூடி அவள் சாமியைக் கும்பிட்டாள்.

"இதுவும் மேல வர்ற லைன்ல இருந்து இழுத்துத்தான் ஏத்துதும்மா. முறையை மட்டும் விட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண். விடவில்லை. இவர் மெஷின் காலையில் கத்துவது நின்றது. வீட்டு ஸ்டெபிலைசர் டக் என்றுகூடத் தட்டாமல் இருந்தது. எனக்கே சந்தேகம் வந்து அடிக்கடி போய் அதன் முள்ளைப் பார்ப்பேன். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். சாம்பிராணிப் புகை அவருக்கு ஆகாது என்பதால் பூ மட்டும் போட்டுக் கும்பிட்டுவிட்டு, அவர் தூங்குவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் காற்றும் சேர்ந்து அடித்தது. மோட்டார் போடுகிற நாள் இல்லை, கழனியெல்லாம் தண்ணீர்தான். இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஃபேன் நின்றது. மெஷின் கத்தியது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யாருமே மோட்டார் போடவில்லை, பின்னே எதற்கு இது போக வேண்டும், இதற்கா அத்தனை பாடு பட்டேன் என்று. சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினேன். அவர் கண்ணாலேயே, ஒன்றும் இல்லை, உட்கார் என்றார். உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டேன். வெளியே மழைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. ஊரே அணைந்து கிடந்தது. லைன்மேனுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வாசலில் மாட்டின் மணிச் சத்தம் கேட்டது. பால்காரி தலையில் யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, பால் கேனோடு நின்றாள். புதுசாக வாங்கிய கறவைப் பசுவைக் கயிற்றில் பிடித்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, கால்வாய் ஓரம் மறுபடியும் கம்பி அறுந்து கெடக்குது. போன தடவ வுழுந்த அதே எடம்," என்றாள். "மாடு தாண்டிப் போயிடுச்சிக்கா. அப்புறந்தான் நான் பாத்தேன். கொய கொயன்னு இருக்கற சேத்துல கெடக்குது, அது பாட்டுக்கு. சத்தம் இல்ல, பொறி இல்ல, ஒன்னும் இல்ல. முள்ளு வெட்டிப் போட்டு வழிய அடைச்சிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டுக் கேனைக் கீழே வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். சாக்கிலிருந்து தண்ணீர் தரையெல்லாம் ஒழுகியது. ஒழுகட்டும் என்று விட்டேன்.

கட்டிலிலிருந்து இவர் கேட்டார். "ஃப்யூஸ் போச்சா?"

"போச்சி மாமா," என்றாள் அவள்.

"மாடு?"

"வெளிய நிக்குது மாமா. உங்க துளசியத் தின்னுக்கினு."

அவர் சிரித்தார். இருமல் வந்தது. அன்றைக்கு நான் திட்டவில்லை. போய் அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிலிண்டர் முள்ளு எங்க கீது பாரு," என்றார். பாதிக்கு மேல் இருந்தது. "தாங்கும்," என்றேன். "தாங்கும்," என்று அவரும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பால்காரி சுவரில் சாய்ந்தபடி மெதுவாக ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தாள். நான் முருகன் படத்தைப் பார்த்து, எப்போதும் மறந்துபோகிற இடத்திலிருந்தே கவசத்தைத் தொடர்ந்தேன். மாடு துளசியைத் தின்னட்டும் என்று யாரும் எழுந்து போகவில்லை. மழையில் லைன்மேனின் வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் மூன்று பேரும் அப்படியே இருந்தோம், அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு.